ஒன்பது மணிச் சானல்

இரவு ஒன்பதானால்
பதிமூன்றாம் சானலைப் பிடித்துக்கொள்வான் தனிஸ்லாஸ்.
வள்ளவிளைக்காரன். விசைப்படகு டிரைவர்.
வயர்லெஸ்ஸில் முதலில் இருமல் வரும்,
அப்புறம் சேசு வருவார்.

நாற்பது படகு கேட்கும்.
கரை மூன்று நாள் தூரத்தில்.
சுறா எங்கே, கேரை எங்கே என்று
மச்சானுக்கு மட்டும் விளங்கும் பாஷையில்
நான் பேசவேண்டிய நேரம் அது.
"ஓய், பிரசங்கத்தைக் கரையில வையும்,
இது மீன்காரன் சானல்" என்பேன்.
அதற்கு மேலும் சொல்லியிருக்கிறேன்.
எழுத முடியாது.

வேதம் படிக்கிற ஆளில்லை அவன்,
எழுத்துக் கூட்டவே திணறுவான்.
கோவிலில் காதில் விழுந்ததை
உப்புப் போட்டு வைத்து
நாளைக்கு ஒரு துண்டாக எடுப்பான்.
"வலை அறுந்தவனுக்கு வலை குடு, நோட்டுல எழுதாத."
"காணாமப் போன ஒத்த மிதவைக்கு
டீசலு எரிச்சுத் திரும்பிப் போறவருதான் நம்ம ஆண்டவரு.
கணக்கப்பிள்ளைக்கு அவரப் பிடிக்காது."
"ஒன் கயித்த அறுத்தவன் எஞ்சின் நின்னு கெடந்தா
மொதல்ல கட்டி இழு. பொறவு சண்டை போடு."

கயிற்றை அறுத்தவன் நான்.
அவனுக்குத் தெரியும் என்று
அந்த ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.
அடுத்த வருஷம் லட்சத்தீவுக்கு மேற்கே
என் எஞ்சின் நின்றது.
இரண்டு பகல் ஒரு இரவு கட்டி இழுத்தான்.
தேங்காப்பட்டணத்தில் இறங்கியதும்
சொன்னபடி
சண்டையும் போட்டான்.

முடிவில் ஆமென் கிடையாது, "ஓவர்" என்பான்.
சாமியார் கூப்பிட்டுக் கண்டித்தார்.
"ஆமென்னா ஒறங்கிப் போவானுவ சாமி,
ஓவர்னா எவனாவது பதில் சொல்லணும்."

சர்க்கரை. முதலில் விரல், பிறகு கால்.
நெய்யூர் ஆஸ்பத்திரியில் முடிந்தது.
அதே சானலில்தான் எனக்குச் சேதி வந்தது,
அப்போது கேரையை ஐஸில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
கல்லறைக் கல்லில் அவன் பெயர் தனிலாஸ்.
கூலியைக் குறைத்ததற்கு
கொத்தன் ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டான்.
அதையும் உப்புக்காற்று தின்னத் தொடங்கிவிட்டது.

அடுத்த பயணம். ஒன்பது மணி.
சானல் காலி. முழுசாக என்னுடையது.
நல்ல இடத்தில் நின்றிருந்தேன், தொட்டால் மீன்.
மச்சான் காத்திருப்பான்.
பொத்தானை அமுக்கினேன்.
இருமல் வந்தது. என்னுடையதுதான்.
எனக்கு இருமலே கிடையாது.

"ஒன் படகு வெளக்கு ஒனக்கில்ல..."
என்று வாயில் வந்தது.
மீதி வரவில்லை.
பத்து வருஷம் திட்டிக்கொண்டே கேட்டதில்
பாதிதான் உள்ளே போயிருக்கிறது.
கரகரவென்று இரைச்சல் மட்டும்.
பிறகு எங்கிருந்தோ,
ஏதோ படகில் சோறு பொங்கும்
அஸ்ஸாம்காரப் பையன்,
நம் கடலுக்கு வந்த பிறகு கற்ற தமிழில்:
"எதிரே... வார் ஆளுக்கு."
அவன் யாரைக் கும்பிடுகிறவனோ,
நான் கேட்கவில்லை.

உடனே இரவிபுத்தன்துறைப் படகொன்று திருத்தியது:
"வெளக்குன்னா சொன்னாரு? லைட்டு."
சின்னத்துறை மறுத்தது.
"எதுக்க வாறவனுக்கு இல்லவே,
இருட்டுல வாறவனுக்கு."
பத்து நிமிஷம் கெட்ட வார்த்தையோடு நடந்தது
அந்த ஞானோபதேசம்.
மீன் எங்கே என்று
ஒருவனும் சொல்லவில்லை, ஒருவனும் கேட்கவில்லை.
மச்சான் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஓவர், என்று பொத்தானை விட்டேன்.
நான் நிற்கும் இடம் பிறத்தியானுக்குத் தெரியாமலிருக்க
மூன்று ராத்திரியாக அணைத்து வைத்திருந்த
உச்சி விளக்கைப் போடப் போனேன்.
பல்பு போயிருந்தது.
டார்ச்சை எடுத்து
கம்பத்தில் வைத்துக் கட்டினேன்.